பரந்தனில் நாலு அறை கட்டலாமா? கொரோனாவுக்குப் பிறகு இந்தியப் பயணிகள் உண்மையில் வன்னிப் பக்கம் தங்குகிறார்களா?

பரந்தன்_வயல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வன்னியில், கிளிநொச்சிக்குக் கிட்ட இருக்கிற பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் போனால் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறது. றோட்டுக்கரை, நல்ல தண்ணீர்க் கிணறு, வேலியோடு ஒரு பெரிய இலுப்பை. கனடாவில் இருக்கும் அண்ணா, "சும்மா கிடக்கிற காணிதானே, நாலு அறை கட்டி கெஸ்ட் ஹவுஸ் போடு, இப்ப இந்தியாச் சனம் அள்ளுண்டு வருகினம்" என்று கிழமைக்கொரு தடவை தொலைபேசியில் நிற்கிறார். பாதிக் காசு அவர் தருவார். மிச்சம் வங்கிக் கடன், அது என் தலையில்.

எனக்குப் பயம் வரக் காரணம் சித்தப்பா. அவர் 2019 தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு லொட்ஜைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. கொஞ்சம் நிமிர்ந்து வரும்போது 2020 மார்ச்சில் கொரோனா. பிறகு 2022இல் டீசல் வரிசை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது கோழி வளர்க்கிறார்.

அண்ணாவின் வாதம் இதுதான்: தூர நாட்டுக்காரர் வராமல் விட்டாலும் பக்கத்து நாட்டுக்காரர் வருவார்கள், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பறந்தால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம், ஆகவே இன்னொரு நோய் வந்தாலும் அவர்கள்தான் முதலில் திரும்புவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொரோனாவில் அப்படி நடந்ததா? யார் முதலில் நின்றார்கள், யார் முதலில் வந்தார்கள்? இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை_வவுனியா:

அக்கா, நான் சுற்றுலா முகாமைத்துவம் படிக்கிறேன், இந்த எண்கள் கைவசம் இருக்கின்றன.

இலங்கைக்கு 2018இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2,333,796. குண்டுவெடிப்பு ஆண்டான 2019இல் 1,913,702. 2020இல் 507,704, அதுவும் பெரும்பாலும் மார்ச்சுக்கு முன் வந்தவர்கள். 2021இல் 194,495. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 2019இல் 355,002, 2020இல் 89,357, 2021இல் 56,268. ஆக இந்தியர்களும்தான் விழுந்தார்கள், பக்கத்து நாடு என்று நோய் தள்ளுபடி கொடுக்கவில்லை. ஆனால் பங்கைப் பாருங்கள்: 2019இல் நூற்றுக்குப் பதினெட்டரை, 2021இல் நூற்றுக்கு இருபத்தொன்பது. எல்லோரும் குறைந்த நேரத்தில் இந்தியர்கள் மற்றவர்களை விடக் குறைவாகக் குறைந்தார்கள். 2024இல் 416,974 பேர், மொத்தத்தில் ஐந்தில் ஒருவர். உங்கள் அண்ணா சொல்வதில் பாதி உண்மை.

மறுபாதி 2021இலேயே இருக்கிறது. அந்த ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் விமானக் குமிழி ஒப்பந்தம் (நோய்க் காலத்தில் இரண்டு நாட்டுக்கும் இடையில் விமானம் விடும் ஏற்பாடு) செய்தன. மே மாதம் இந்தியாவில் டெல்டா கொளுத்தியதும், இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கு இலங்கை கதவைச் சாத்தியது. பக்கத்து வீடு என்று ஒப்பந்தம் போட்டுத் திறந்ததும் அவர்களுக்கு, பயந்து பூட்டியதும் அவர்களுக்கு. பிறகு ஆண்டுக் கடைசியில்தான் ஓரளவு வரத் தொடங்கினார்கள்.

மாலைதீவையும் பார்க்க வேண்டும். 2019இல் அங்கே முதலிடம் சீனா, இரண்டாமிடம் இந்தியா. 2020 ஜூலை 15ஆம் திகதியே மாலைதீவு கதவைத் திறந்துவிட்டது. சீனர்களை அவர்களுடைய அரசு 2023 தொடங்கும் வரை வெளியே விடவில்லை. அந்த இடைவெளியில் இந்தியா முதலிடத்துக்கு வந்து, 2021இல் மட்டும் 290,000க்கு மேல் இந்தியர்கள் அங்கே போனார்கள். எங்களுக்கு அந்த ஆண்டு 56,000. இரண்டுமே பக்கத்து நாடுதான். தூரத்தை விட எந்த வாசல் திறந்து கிடக்கிறது என்பதுதான் தீர்மானித்தது.

---

ஏ9_ஹையேஸ்:

தங்கச்சி, கணக்குத் தம்பி சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் அது விமான நிலையத்தில் முத்திரை குத்தின கணக்கு. அந்த நாலு லட்சத்தில் எத்தனை பேர் ஓமந்தை தாண்டி வன்னிக்குள் வந்தார்கள் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. நான் சொல்வது என் வானின் சீற்றுக் கணக்கு.

சண்டை முடிந்து சனம் மீளக்குடியேறின காலத்தில் இருந்து கிளிநொச்சியில் வான் ஓடுகிறேன். எனக்கு வரும் ஹயர் மூன்று வகை. வெளிநாட்டில் இருந்து வரும் எங்கட சனத்தைக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றுவது ஒன்று. இந்தியாவுக்குப் போகிற எங்கட சனத்தைக் கொண்டுபோய் இறக்குவது மற்றது. மூன்றாவது இந்தியாவில் இருந்து வருகிறவர்கள். கொரோனாவுக்கு முதல் இந்த மூன்றாவது வகை எனக்கு ஊறுகாய் அளவுதான். இரண்டாவதுதான் சோறு.

இதை இப்போது யாரும் கதைப்பதில்லை. சுற்றுலா என்றால் வெள்ளைக்காரன் இங்கே வருவது என்றே பழகிவிட்டோம். 2019இல் இங்கிருந்து இந்தியாவுக்குப் போனவர்கள் 3 லட்சத்து 30 ஆயிரம் அளவில். அங்கிருந்து இங்கே வந்தவர்கள் 3 லட்சத்து 55 ஆயிரம். அவர்கள் 130 கோடிக்கு மேல், நாங்கள் 2 கோடி சொச்சம். அப்ப யார் யாரிடம் அதிகமாகப் போனது? கண்ணுக்கும் இருதயத்துக்கும் வைத்தியம், திருவண்ணாமலை, வேளாங்கண்ணி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை, கலியாணக் கூறைக்கு ஒரு பயணம், வெளிநாட்டு மாப்பிள்ளை இங்கே வர ஏலாதென்றால் பொம்பிளையைத் திருச்சிக்குக் கொண்டுபோய்த் தாலி கட்டுவிக்க இன்னொரு பயணம். விசுவமடுவில் இருந்து ஒரு குடும்பம் ஏறினால் வானுக்குள் கால் வைக்க இடமிருக்காது, பொரிவிளாங்காய் டின்னில் இருந்து மிளகாய்த்தூள் வரை.

அந்தப் பயணத்தின் வழி எப்படி என்று பாருங்கள். இரவு முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, முந்நூறு கிலோமீற்றர் அளவில் தெற்கே ஓடி, விடியக் கட்டுநாயக்கா. அங்கே விமானம் ஏறினால் அது திரும்ப வடக்கே வந்து எங்கட ஊர்ப் பக்கத்தாலேயே சென்னைக்குப் போகும். வீட்டுக்காரர் தலைக்கு மேலால் போகிறார் என்று மனிசி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். இதுக்குத்தான் 2019 ஒக்டோபர் 17இல் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பர் 11இல் சென்னை விமானம் ஓடத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. கட்டுநாயக்கா ஹயர் என்றால் ஒரு இரவுக் காசு, பலாலி என்றால் எண்பது கிலோமீற்றர், போய்வந்து மத்தியானச் சோறு வீட்டில் தின்னலாம்.

நாலு மாதம் ஓடியது. 2020 மார்ச்சில் நின்றது. இப்ப கவனியுங்கள். கட்டுநாயக்காவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு 2021 ஜனவரி 21இல் திறந்துவிட்டார்கள். பலாலி திரும்பத் திறந்தது 2022 டிசம்பர் 12. ஏறக்குறைய இரண்டு வருட வித்தியாசம். நோய்க் காலத்தில் அரசாங்கம் ஆள்களை ஒன்றிரண்டு பெரிய வாசலால்தான் விடும், பிசிஆர் எடுக்க, அடைக்க, கொண்டுபோக அங்கேதான் ஆளும் ஆய்வுகூடமும் இருக்கும். சின்ன வாசலைத் திறந்து வைக்க அவர்களுக்கு என்ன தேவை? நீங்கள் நம்பப் போவது பலாலியை. இன்னொரு நோய் வந்தால் முதலில் சாத்தப்படுவதும் கடைசியில் திறக்கப்படுவதும் அதுதான். உங்கட அண்ணா ரொறன்ரோவில் இருந்து வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை அளக்கிறார்.

கொரோனா நேரத்தில் ஏ9 வீதியால் வந்த ஒரே வெளிநாட்டுப் பயணிகள் இராணுவம் கொண்டுவந்த பஸ்களில் இருந்தவர்கள். கட்டுநாயக்காவில் இறங்கினவர்களைத் தனிமைப்படுத்த பம்பைமடு, இரணைமடு, கேப்பாப்புலவு என்று இங்கேதான் கொண்டுவந்தார்கள். பஸ் கண்ணாடியெல்லாம் பூட்டு, முகத்தில் மாஸ்க், வரிசையாகப் போகும். நாங்கள் கடைக்குள் ஓடிவிடுவோம். வெளிநாட்டில் இருந்து வந்தவனைக் கண்டு கிளிநொச்சி ஓடி ஒளிந்தது அந்த ஒரு காலம்தான். மற்ற நேரம் கேட்டுக்கு வெளியே காவல் நிற்போம்.

என் வான் மாமரத்துக்குக் கீழே நின்றது. பற்றரி இறங்காமல் காலையில் ஸ்டார்ட் பண்ணி அணைப்பேன், எலி வந்து வயரைக் கடிக்கும். லீசிங் தவணையை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். வட்டியைத் தள்ளி வைக்கவில்லை, அது பாட்டுக்கு ஏறியது. பிறகு சீற்றைக் கழற்றிவிட்டுப் பூசணியும் பப்பாசியும் தம்புள்ளைக்கு ஏற்றினேன். ஒரு பகிடி என்னவென்றால், அந்த மார்ச்சிலேயே வாகன இறக்குமதியையும் நிறுத்தினார்கள் அல்லவா, ஓடாமல் நின்ற வானுக்கு மாதா மாதம் விலை ஏறியது. ஹயர் இல்லை, ஆனால் வந்து கேட்கிறவன் வாங்கின விலையை விடக் கூடக் கேட்கிறான். சிலர் விற்றுவிட்டு வயலுக்குப் போனார்கள். நான் விற்கவில்லை.

யார் முதலில் வந்தது என்று கேட்டீர்கள். காரியம் உள்ளவர் முதலில் வந்தார். ஊர் பார்க்க வருகிறவர் கடைசி. தாய் செத்துத் திரையில் சுடலை பார்த்த பிள்ளைகள், இரண்டு வருடத் திவசம் பாக்கி வைத்தவர்கள், வட்டுவாகல் பாலம் தாண்டி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி முடிக்க வேண்டியவர்கள். 2022 ஆடி ஆவணியில் டீசல் 400க்கு மேல், எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையில் வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கட்டுநாயக்கா போய்வர 60க்குக் குறையாது. அப்படி இருந்தும் வந்தார்கள். பெட்டிக்குள் உடுப்பை விடப் பால்மாவும் பனடோலும்தான் கூட. நானும் இன்னும் இரண்டு பேரும் அட்டைகளைச் சேர்த்து ஒரு வானை ஓட்டினோம். இவர்கள் எல்லாம் கணக்குத் தம்பியின் பட்டியலில் கனடாக்காரர், பிரித்தானியர், பிரான்சுக்காரர் என்று இருப்பார்கள். கடவுச்சீட்டு அப்படி. ஆள் புதுக்குடியிருப்பு.

இரண்டாவது வகை, இங்கிருந்து இந்தியா போகிறவர்கள், அவர்கள் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. இதைக் கொரோனாவின் தலையில் மட்டும் போட ஏலாது. இந்தியா 2020 மார்ச்சில் சுற்றுலா விசாவை நிறுத்தி 2021 நவம்பரில்தான் வழமையான விமானங்களில் வருகிறவர்களுக்குத் திரும்பத் திறந்தது. சரி, திறந்தது, போகலாம் என்று பார்த்தால் அடுத்த ஏப்ரலில் எங்கட நாடே கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தது. 2019இல் ஒரு இந்திய ரூபாய்க்கு எங்கட காசு இரண்டரை. 2022 நடுவில் நாலரை. இப்ப மூன்றரை அளவில். ஆயிரம் ரூபாய் லொட்ஜ் அறை அங்கே அப்படியேதான் இருக்கிறது, எங்களுக்கு 2,500ஆக இருந்தது 4,500ஆகி, இப்ப 3,500இல் நிற்கிறது. சபரிமலைக்குக் குருசாமியோடு வான் நிறையப் போன குழு இப்ப பாதி. கூறைக்கு இந்தியா போன காலம் போய், வட்ஸ்அப்பில் படம் பார்த்து ஆள் மூலம் எடுப்பிக்கிறார்கள். இரண்டு வருடம் போகாமல் இருந்ததில் சனத்துக்குப் போகாமலே காரியம் முடிக்கப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கொரோனாவின் கணக்கில் எழுதலாம்.

அதே காசு மாற்றம் மறுபக்கத்துக்கு மலிவு. அதனால் மூன்றாவது வகை உண்மையிலேயே கூடியிருக்கிறது. பலாலிக்கு இப்ப சென்னையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் விமானம் இருக்கிறது, நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வருகிறது, வாடைக்காலத்தில் அது நிற்கும். ஆனால் அவர்கள் செய்வது என்ன? நல்லூர், நயினாதீவு, கீரிமலை, இரண்டு இரவு யாழ்ப்பாணம். மூன்றாம் நாள் விடியப் புறப்பட்டுத் திருகோணமலைக் கோணேஸ்வரம், அங்காலே கண்டி, நுவரெலியா, சீதை அம்மன். வன்னி அவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே போகிற வெளி. ஆனையிறவில் படம் எடுப்பார்கள், முறிகண்டியில் இறங்குவார்கள். இரண்டே கேள்வி: துப்புரவான கழிப்பறை எங்கே, சைவச் சாப்பாடு எங்கே. இரண்டுக்கும் ஒரே இடத்தைக் காட்ட எனக்கு இன்னும் வழியில்லை. என் வானில் வந்து வன்னியில் இரவு தங்கின இந்தியக் குழு ஒன்றுதான், அதுவும் புளியங்குளத்தில் கியர்பொக்ஸ் போனதால்.

முறிகண்டியில் கச்சான் விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், எந்தத் திணைக்களத்தை விடவும் அவவிடம் கணக்குச் சுத்தம். வெளிநாட்டில் இருந்து வந்த எங்கட சனம் என்றால் கிலோக்கணக்கில் வறுத்த கச்சான், பொலித்தீனை இரண்டு தரம் மடித்துக் கட்டச் சொல்லுவார்கள், சூட்கேசுக்குள் போக. தெற்கில் இருந்து நாகவிகாரைக்குப் போகும் பஸ் என்றால் ஆளுக்கொரு சரை, ஐம்பது பேர், சுண்டின நேரத்தில் வியாபாரம் முடிந்தது. இந்தியக் குடும்பம் என்றால் ஒரு சரை வாங்கி நாலு பேர் கொறிப்பார்கள், ஆனால் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி நாலு. கொரோனாவில் வெளிநாட்டுக் கிலோ நின்றது, பஸ் நின்றது, அவ கச்சானைச் சைக்கிளில் கட்டி ஊர்மனைக்குள் கொண்டுபோய் விற்றா. 2020 நடுவில் ஊரடங்கு தளர்ந்ததும் முதலில் திரும்பியது தெற்கு பஸ்தான் என்று சொன்னா. பக்கத்து நாட்டை விடப் பக்கத்து மாகாணம் கிட்ட.

ஆகவே என் அபிப்பிராயம்: இந்தியரை நம்பி அடுப்பை மூட்டலாம், அறை கட்ட வேண்டாம். அறை கட்டினால் எங்கட வெளிநாட்டுச் சனத்துக்குக் கட்டுங்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அம்மம்மா வீட்டுக் கழிப்பறை பிடிக்காது, ஏசி இல்லாமல் நித்திரை வராது, ஆனால் அம்மம்மாவை விட்டுத் தூரப் போகவும் ஏலாது.

---

தலைமன்னார்_துறை:

வான்கார அண்ணை சொன்ன சின்ன வாசல் விஷயம் எங்கட மன்னார்க் கரைக்குப் புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன்னமும் இதே கதை.

தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் மன்னாரில் கரையேறி, வன்னிக் காட்டு வழியால் மாத்தளைக்கு நடந்தே போனார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இந்தியாவில் பிளேக் பரவியதும் பிரித்தானியர் இந்த வழியையே மூடிவிட்டு, எல்லோரையும் தூத்துக்குடி, கொழும்பு என்ற ஒரே பாதையால் எடுத்தார்கள். அண்ணை சொன்ன கட்டுநாயக்கா மாதிரியேதான், அங்கேதான் மருத்துவச் சோதனை, அங்கேதான் முகாம்.

பிறகு 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. வாசல் திரும்ப எங்கட பக்கம் வந்தது, ஆனால் அக்கரையில் மண்டபம் என்ற ஊரில் ஒரு தனிமைப்படுத்தல் முகாமோடு. தோட்டத்துக்கு வரும் தொழிலாளி அங்கே சில நாள் அடைபட்டு, உடுப்பை அவித்து, அம்மைப்பால் குத்தினால்தான் கப்பல். காசுள்ளவர்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. அந்த மண்டபம் முகாமில்தான் பிற்காலத்தில் எங்கட அகதிச் சனமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் சண்டையோடு அதுவும் நின்றது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்ப வந்தது. துறை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இல்லாமல் இரண்டு நாட்டுச் சனமும் சந்திக்கிற ஒரே இடம் அது. 2020 மார்ச் முதல் கிழமை வழமைபோல நடந்தது. பூட்டுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி. 2021இல் சனம் இல்லாமல் பூசை. 2022இல் இரண்டு பக்கமும் ஆளை எண்ணி விட்டார்கள். அடுத்த வருடம் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். விசாவும் ரிக்கற்றும் இல்லாத போக்குவரத்து எவ்வளவு கெதியாகத் திரும்புகிறது பாருங்கள்.

---

முள்ளியவளை_திருச்சி:

நான் முள்ளியவளையில் பிறந்து திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். இந்தப் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

2020, 2021 இரண்டு வருடமும் அம்மாவைப் பார்க்க முடியவில்லை. ஊர் நாற்பது நிமிடம் பறந்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது, ஆனால் கொழும்புக்கு வந்து 14 நாள் அடைபட வேண்டும், திரும்பி வந்தால் இங்கேயும் ஒரு பாடு. என் மாமியார், "சிங்கப்பூர்க்காரர்களே வீட்டில் இருக்கிறார்கள், உனக்கென்ன" என்பார்.

எங்கள் தெருவில் இலங்கை ஆட்களுக்கென்றே வீடு வாடகைக்கு விடும் ஒருவர் இருந்தார். கலியாண வீட்டுக்காரர் ஒரு மாதம் எடுப்பார்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள் இரண்டு வாரம் எடுப்பார்கள். கொரோனாவில் அது காலி. இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுதியாக மாற்றிவிட்டார், திரும்ப மாற்றும் எண்ணம் இல்லையாம். ஆக இலங்கையில் இருந்து ஆள் வந்தாலும் பழைய வீடு இல்லை.

அக்கம்பக்கத்தில் இப்போது இலங்கைக்குப் போவது ஒரு பேச்சாகிவிட்டது. 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசாக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், 2025 மார்ச் 30 முதல் திருச்சியில் இருந்தே யாழ்ப்பாணத்துக்கு விமானம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியையும் கணவரும் போய் வந்தார்கள். முல்லைத்தீவு எப்படி இருந்தது என்று ஆசையோடு கேட்டேன். "அது எந்தப் பக்கம் வரும்மா?" என்றார். அவர்களின் பயணத் திட்டத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. வழியில் மூன்று மணி நேரம் ஒரு நல்ல காப்பி கிடைக்கவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. வான்கார அண்ணா சொன்ன அடுப்பு யோசனைக்கு என் வாக்கு.

---

பரந்தன்_வயல்காரி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாவுக்கு இந்தத் திரியின் இணைப்பை அனுப்பினேன். "வான்காரர் என்னைப் பற்றி எழுதினதை வாசித்தேன்" என்று மட்டும் பதில் வந்தது.

ஏ9 அண்ணை, இரண்டு கேள்வி. சாப்பாட்டுக் கடை என்றால் எங்கட காணி முல்லைத்தீவு வீதியில் அல்லவா இருக்கிறது, யாழ்ப்பாணம் திருகோணமலை வான்கள் அந்தப் பக்கம் திரும்புமா? மற்றது, வெளிநாட்டுச் சனம் ஆடி ஆவணியும் மார்கழியும்தான். மிச்ச மாதங்களில் வங்கிக்கு என்ன சொல்வது?

---

ஏ9_ஹையேஸ்:

நல்ல கேள்வி தங்கச்சி. திரும்பாது. வவுனியா போய், ஹொரவப்பொத்தானையால் திருகோணமலைக்கு இறங்குவதுதான் எங்களுக்குப் பழக்கம். உங்கட வீதியால் வற்றாப்பளைக்குப் போகிறவனும் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிறவனும்தான் வருவான். ஆனால் பரந்தன் சந்தியில் இருந்து எவ்வளவு உள்ளே என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு கிலோமீற்றருக்குள் என்றால், துப்புரவான கழிப்பறை என்று சந்தியில் ஒரு பலகை போட்டால் நான் திருப்புவேன். என்னைப் போல இருபது பேர் திருப்புவார்கள், சாரதிக்குச் சாப்பாடு நீங்கள் கொடுக்கும் பட்சத்தில். இந்தத் தொழிலில் அந்தச் சாப்பாடு எழுதாத சட்டம். கோப்பி நன்றாக இருக்க வேண்டும், திருச்சித் தங்கச்சி சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிச்ச மாதங்களுக்கு: நாலு அறையையும் பயணிக்கு என்று கட்ட வேண்டாம். இரண்டைச் சின்னச் சமையல் மேடையோடு, தனி வாசலோடு கட்டுங்கள். மாத வாடகைக்கு விடலாம். கொரோனாவில் மாகாணம் விட்டு மாகாணம் போக விடாமல் வைத்திருந்தபோது கிளிநொச்சியில் நிரம்பி இருந்தது அப்படியான அறைகள்தான். வங்கிக்காரர், பொறியியலாளர், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், வெளியூரில் இருந்து வந்த ஆசிரியர்கள். உங்கட சித்தப்பாவின் லொட்ஜ் ஏன் நின்றது? ஒரு நாள் வாடகை என்று மட்டும் கட்டின இடம், மாதக்கணக்கில் யாரும் இருக்க ஏலாது, ஒரு முட்டை பொரிக்க இடமில்லை.

கடன் எடுக்க முதல் கரைச்சிப் பிரதேச சபையில் கட்டட அனுமதியைக் கேளுங்கள். சுற்றுலா அதிகாரசபைப் பதிவையும் அப்போதே விசாரியுங்கள், கட்டின பிறகு கதவு அகலம் காணாது என்றால் இடிக்க வேண்டி வரும். கிணற்றுத் தண்ணீரையும் சோதிப்பியுங்கள். நல்ல தண்ணீர் என்று நீங்கள் சொல்வது குடிக்க நல்லதா, சுடுநீர் ஹீற்றருக்கு நல்லதா என்பது வேறு. கிளிநொச்சியில் ஒரு இடத்தில் வருடத்துக்கு இரண்டு ஹீற்றர் மாற்றுகிறார்கள், உள்ளே சுண்ணாம்பு கல்லுக் கல்லாக.

அண்ணாவைக் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது கட்டுநாயக்காவில் நானே வந்து ஏற்றுகிறேன், வழியில் கதைக்கலாம்.